மனசாட்சிக்கு யார் செலவு செய்தது?

யாராவது மேடையேறி, 'கொள்கைக்காக அவர் எல்லாவற்றையும் இழந்தார்' என்று ஒருவரைப் புகழ்ந்தால், கூட்டத்தில் எல்லோரும் கை தட்டுவார்கள். நானும் தட்டுவேன். தட்டி முடித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வரும். அந்த 'எல்லாம்' யாருடையது? அவருடையது மட்டும்தானா? இழப்பதற்கு முன்னால் வீட்டில் இருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டாரா?

இந்த மாதிரி சந்தேகங்களைக் கிளப்புகிறவனுக்கு நல்ல பேர் கிடைக்காது. தியாகத்தைக் கொச்சைப்படுத்துகிறான் என்பார்கள். அதனால் இந்த வாரம் ஜாக்கிரதையாக, ரொம்ப தூரத்து ஆள் ஒருவரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்துக்காரர். செத்து 300 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருக்காக யாரும் என் வீட்டு ஜன்னலில் கல் எறிய மாட்டார்கள் என்ற தைரியம்தான்.

அவர் பெயர் சர் ரால்ஃப் வெர்னி. பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் கிளேடன் என்கிற கிராமத்தின் பெரிய நிலச்சுவான்தார். பிறந்தது 1613. 1640-ல் கூடிய இங்கிலாந்துப் பார்லிமென்ட்டில் அய்ல்ஸ்பரி தொகுதியின் உறுப்பினர். 'நீண்ட பார்லிமென்ட்' என்று சரித்திரப் பாடத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் சார்லஸ் மன்னரோடு மோதி, உள்நாட்டு யுத்தம் வரை போய், கடைசியில் மன்னரின் தலையே போன கதை. அந்தச் சபையில் உட்கார்ந்து, நடப்பதையெல்லாம் பென்சிலால் குறிப்பெடுத்து வைத்தவர் ரால்ஃப். அந்தக் குறிப்புகள் 1845-ல் புத்தகமாகவே வந்துவிட்டன. அந்தக் காலத்தைப் பற்றி எழுதும் ஆசிரியர்கள் அதைப் புரட்டாமல் இருக்க மாட்டார்கள்.

ரால்ஃபுக்கு முன்னால் அவருடைய அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், குடும்பத்திலேயே பிரபலமானவர் அவர்தான். சர் எட்மண்ட் வெர்னி. அரண்மனையில் பெரிய உத்தியோகம். சார்லஸ் இளவரசராக இருந்த நாளிலிருந்து கூடவே இருந்தவர். 1642-ல் யுத்தம் வந்தபோது அப்பா மன்னர் பக்கம், மூத்த மகன் ரால்ஃப் பார்லிமென்ட் பக்கம். வீடு இரண்டாகப் பிளந்தது. இன்னொரு மகன், அவர் பெயரும் எட்மண்ட்தான், மன்னர் படையில் சேர்ந்துகொண்டு, 'அப்பாவுக்கு எதிராக நிற்கிறாயே' என்று அண்ணனுக்கு வருத்தப்பட்டுக் கடிதம் எழுதினார்.

இதில் வேடிக்கை, அப்பாவுக்கும் மன்னர் செய்வது சரியென்று படவில்லை. பிஷப்புகள் மேல் அவருக்கு மரியாதையே கிடையாது. விட்டுக்கொடுத்து சமாதானமாகப் போனால் தேவலை என்றுதான் நினைத்தார். ஆனாலும், கிட்டத்தட்ட 30 வருஷம் மன்னரின் சோற்றைச் சாப்பிட்டாகிவிட்டது, இப்போது விட்டுப்போனால் அது ஈனச் செயல் என்று நண்பரிடம் சொன்னார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது இங்கிலாந்திலும் இருந்திருக்கிறது. 1642 அக்டோபர் 23-ம் தேதி, எட்ஜ்ஹில் யுத்தத்தில் மன்னரின் கொடியைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கேயே வெட்டுப்பட்டுச் செத்தார்.

உடல் கிடைக்கவில்லை. மகன் தேட வைத்தும் கிடைக்கவில்லை. பிறகு ஒரு கதை கிளம்பியது. கொடிக் கம்பத்தைப் பிடித்தபடியே அவருடைய கை மட்டும் வெட்டுப்பட்டுக் கிடந்ததாம். விரலில் மன்னர் கொடுத்த மோதிரம் இருந்ததாம். அந்தக் கையை மட்டும் கொண்டுவந்து அடக்கம் செய்தார்களாம். உண்மையோ, பொய்யோ. வெர்னி குடும்பம் என்றாலே ஆங்கிலேயர்களுக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

என் சண்டை அந்தக் கையோடு இல்லை. வீரம் வீரம்தான். ஆனால், அதே வீட்டில் இன்னொரு கை இருந்தது. அது கொடி பிடிக்கவில்லை. கடிதம் எழுதியது, மனு எழுதியது, எலி கடித்த மெத்தையைக் கணக்கெடுத்தது. அந்தக் குடும்பத்தின் நிலம் மிஞ்சியதற்கு அந்தக் கைதான் காரணம். அதைப் பற்றி யாரும் கதை கட்டவில்லை.

*

அப்பா செத்த மறு வருஷம், 1643-ல் பார்லிமென்ட்டுக்கு ஸ்காட்லாந்துப் படையின் உதவி தேவைப்பட்டது. ஸ்காட்லாந்துக்காரர்கள் சும்மா வருவார்களா? இங்கிலாந்தின் சர்ச்சையும் தங்கள் சர்ச் மாதிரி மாற்ற வேண்டும் என்று ஒரு உடன்படிக்கை கேட்டார்கள். பார்லிமென்ட் சரியென்றது. உறுப்பினர்கள் எல்லோரும் அதன் பேரில் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு.

ரால்ஃப் மாட்டேன் என்றார்.

அவர் மன்னர் கட்சிக்குத் தாவவில்லை. அங்கே போயிருந்தால் அப்பாவின் பெயருக்காகவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். பார்லிமென்ட் பக்கமே நின்றார். ஆனால், மனசு ஒப்பாத ஒரு சத்தியத்தைச் செய்ய முடியாது என்றார். அவ்வளவுதான். அந்த வருஷக் கடைசியில் நாட்டை விட்டுக் கிளம்பி பிரான்ஸுக்குப் போய்விட்டார். கூடவே மனைவி மேரி, மகன் எட்மண்ட், மகள் பெக். கடைக்குட்டி ஜாக்குக்கு அப்போது மூன்று வயது. அவனைக் கிளேடனிலேயே விட்டுவிட்டார்கள். கடைசியில் லுவார் நதிக்கரையில் ப்ளுவா என்ற ஊரில் போய்க் குடியிருந்தார்கள்.

பாராட்ட வேண்டிய மனிதர்தான். காற்றடித்த பக்கம் சாய்ந்தவர்கள் நிறைந்த சபையில், இரண்டு பக்கமும் கெட்ட பேர் வாங்கிக்கொண்டு வெளியே போக நெஞ்சுரம் வேண்டும். ரால்ஃபைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் தொப்பியைக் கழற்றி வணக்கம் போடுகிறார்கள். நானும் போட்டுவிட்டேன்.

சரி, இப்போது பில்லைப் பார்ப்போமா?

*

மேரி பிளாக்னல் 1616-ல் பிறந்தவர். பெர்க்ஷயரில் நிலபுலன் உள்ள குடும்பத்தின் ஒரே வாரிசு. சிறு வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்தவர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் சொத்துள்ள அநாதைக் குழந்தை என்றால் அது ஒரு வியாபாரச் சரக்கு. அப்படிப்பட்ட குழந்தைகளின் 'பாதுகாவலர்' உரிமையை மன்னரின் கோர்ட்டே காசுக்கு விற்கும். வாங்கியவர் அந்தக் குழந்தையின் கல்யாணத்தைத் தீர்மானிக்கலாம். 1629-ல் மேரிக்குக் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு 13 வயது, மாப்பிள்ளை ரால்ஃபுக்கு 15.

கல்யாணம் ஆன நிமிஷத்திலிருந்து மேரியின் நிலத்தை ஆளும் உரிமை புருஷனுக்கு. சட்டம் அப்படி. கல்யாணமான பெண்ணுக்குத் தனியாக ஒரு சட்ட அடையாளமே கிடையாது. புருஷனுக்குள் அவள் அடக்கம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேடிக்கையாக இருக்கும்.

ரால்ஃப் வெளிநாட்டில் இருந்தார். பார்லிமென்ட் எவ்வளவு நாள் பொறுக்கும்? 1645 செப்டம்பரில் அவரை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கியது. கிளேடன் எஸ்டேட்டை முடக்கியது. அதாவது, குத்தகைப் பணம் வெர்னி குடும்பத்துக்கு வராது. அரசாங்க கமிட்டி எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே அப்பா வைத்துவிட்டுப் போன கடன் கழுத்து வரை. ரால்ஃப் ஊர் திரும்பினால் கடன்காரர்களே பிடித்து உள்ளே தள்ளிவிடுவார்கள்.

இந்தச் சமயத்தில் லண்டனில் இருந்த மாமா டாக்டர் வில்லியம் டென்டன் ஒரு யோசனை சொன்னார். ரால்ஃபின் அம்மாவுடைய தம்பி. கெட்டிக்காரர். அவர் எழுதியதன் சாரம் இது: 'நீ வராதே. உன் மனைவியை அனுப்பு. என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, கமிட்டிக்காரர்கள் முன்னால் நடித்துக்காட்ட விடு. பெண்களால் இந்தக் காலத்தைப் போல் எப்போதும் உபயோகம் இருந்ததில்லை. பெண் என்பதாலேயே அவர்களுக்குச் சில சலுகைகள் உண்டு.'

பார்த்தீர்களா? சட்டத்தின் கண்ணில் இல்லாத ஆள், சட்டத்தோடு சண்டை போட மட்டும் தேவைப்படுகிறாள். சொத்து அவள் பேரில் இல்லை. ஆனால், சொத்தை மீட்க அவள் கண்ணீர் வேண்டும். இது வெர்னி வீட்டில் மட்டும் நடந்ததில்லை. முடக்கிய சொத்தின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை மனைவி மக்களின் ஜீவனத்துக்குக் கொடுக்கலாம் என்று பார்லிமென்ட்டே 1643-ல் விதி செய்திருந்தது. அதனால் மன்னர் கட்சிக் குடும்பங்களிலிருந்தெல்லாம் மனைவிகள் மனுவோடு லண்டனுக்கு வந்து நின்றார்கள். அய்யாக்கள் கொள்கையோடு வெளிநாட்டிலும் சிறையிலும் இருந்தார்கள். அம்மாக்கள் வராந்தாவில் காத்திருந்தார்கள்.

*

1646-ன் குளிர்காலத்தில் மேரி கிளம்பினார். வயது 30. வயிற்றில் குழந்தை. புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் ப்ளுவாவில் விட்டுவிட்டு, வேலைக்காரத் துணையோடு பிரான்ஸைக் கடந்து, கடலைக் கடந்து, லண்டனுக்கு வந்தார். வந்ததும் உடம்பு படுத்துவிட்டது.

எழுந்ததும் படியேற ஆரம்பித்தார். பெரிய மனிதர்கள் வீட்டுப் படிகள். புருஷனோடு ஒரே சபையில் உட்கார்ந்திருந்தவர்கள், அவர் வீட்டு விருந்துக்கு வந்தவர்கள். பழைய சிநேகிதியான ஒரு சீமாட்டி, இதற்குள் இன்னொரு பிரபுவைக் கட்டிக்கொண்டு செல்வாக்கோடு இருந்தார். உதவுவார் என்று நம்பிப் போனார் மேரி. எதிர்பார்த்த அளவுக்கு உதவி வரவில்லை. கமிட்டி இன்றைக்குக் கூடாது, நாளைக்கு வா என்பார்கள். நாளைக்கு ஆள் போதாது என்பார்கள். சர்க்கார் ஆபீஸ் வராந்தாவில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நடுவில் குழந்தைக்குப் பெயர் வைப்பதில் ஒரு தகராறு. பையன் பிறந்தால் ரிச்சர்ட் என்று வை என்றார் ரால்ஃப், பிரான்ஸிலிருந்து. மேரிக்குப் புருஷன் பெயரையே வைக்க ஆசை. 1647 ஜூனில் பையன் பிறந்தான். ரால்ஃப் என்றே பெயர் வைத்தார். எட்டு மாதம் தனியாக அலைந்ததற்கு அந்த ஒரு சந்தோஷத்தையாவது எடுத்துக்கொண்டாரே என்று எனக்குத் திருப்தி.

பிறகு கைக்குழந்தையோடு கிளேடனுக்குப் போனார். மூன்று வயதில் விட்டுவிட்டுப் போன ஜாக் அங்கே இருந்தான். ஏழு வயதை நெருங்கிவிட்ட பையன். கால்கள் வளைந்திருந்தன. வீடு இருந்த லட்சணத்தைப் புருஷனுக்கு எழுதினார்: துணிமணி எல்லாம் நைந்துவிட்டது, மெத்தைகளை எலி தின்றுவிட்டது, சமையலறையில் கறி சுடும் கம்பிகள் இனி உதவாத அளவுக்குத் துருப்பிடித்துவிட்டன, நாற்காலிகள் கந்தல். யுத்தம் என்றால் நமக்குக் குதிரையும் வாளும்தான் தெரிகிறது. எலி தின்ற மெத்தையும் யுத்தம்தான். அதைத் தைக்கிறவர்களுக்குக் கொடியும் கிடையாது, மோதிரமும் கிடையாது.

இவ்வளவுக்கும் நடுவே ப்ளுவாவிலிருந்து ரால்ஃபின் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. அன்பான மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால், கணக்குப்பிள்ளை புத்தி. நான் கேட்டிருந்த இந்த விஷயத்துக்கு நீ பதில் எழுதவில்லை, அந்த விஷயத்துக்கு எழுதவில்லை என்று குறை. செலவைப் பற்றிக் கேள்வி. ஒரு கட்டத்தில் மேரிக்கு மனசு கசந்துவிட்டது. அந்த வருத்தத்தை மறைக்காமல் பதில் எழுதினார்.

நீங்கள் சொல்லுங்கள். பிரான்ஸில் உட்கார்ந்து 'இதற்கு ஏன் பதில் இல்லை?' என்று கேட்பது கஷ்டமா? நிறைமாத வயிற்றோடு லண்டனில் பதில் தேடி அலைவது கஷ்டமா?

*

1647 அக்டோபர். ப்ளுவாவில் மகள் பெக் காய்ச்சலில் செத்துப்போனாள். எட்டு வயசு. ஏறக்குறைய அதே நாட்களில் கிளேடனில் கைக்குழந்தை ரால்ஃபும் செத்துப்போனான். சில மாதக் குழந்தை.

மனைவிக்கு எப்படிச் சொல்வது என்று ரால்ஃபுக்குத் தெரியவில்லை. டாக்டர் டென்டனுக்கு எழுதி, நீங்கள் சமயம் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். கைக்குழந்தை போன துக்கத்தில் இருந்தவரிடம் மகள் செத்த சேதியையும் டாக்டர் சொன்னார். இரண்டு ராத்திரி மேரிக்குப் புத்தி கலங்கிவிட்டது. சம்பந்தமில்லாமல் பேசினார். பக்கத்தில் இருந்தவர்களையே அடையாளம் தெரியவில்லை.

பிறகு?

பிறகு எழுந்து மறுபடியும் கமிட்டிக்குப் போனார்.

ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்குள், யார் யார் வருவார்கள், யார் நம் பக்கம் பேசுவார்கள் என்று ஓட்டுக் கணக்கு போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறார். 1648 ஜனவரியில் கமிட்டி கூடியது. ரால்ஃப் நாட்டை விட்டுப் போனார் என்பதைத் தவிர அவர் மேல் நிரூபிக்க ஒன்றும் இல்லை என்று முடிவானது. எஸ்டேட்டை விடுவித்தார்கள். மேரி ஜெயித்துவிட்டார்.

அந்த வருஷ வசந்தத்தில் ஜாக்கைக் கூட்டிக்கொண்டு ப்ளுவா திரும்பினார். அங்கே பெக் இல்லை. இரண்டு வருஷம்தான். காச நோய். 1650 மே மாதம் மேரி செத்துப்போனார். வயது 34.

ரால்ஃப் அந்த உடலைப் பதப்படுத்தி, பெட்டியில் வைத்து, இங்கிலாந்துக்கு அனுப்பினார். நவம்பரில் கிளேடன் சர்ச்சில் அடக்கம் நடந்தது. ரால்ஃபால் போக முடியவில்லை. அவர் ஊர் திரும்பியது 1653-ல்தான். எந்த வீட்டை மீட்பதற்காக மேரி உயிரைத் தேய்த்தாரோ, அந்த வீட்டுக்குப் புருஷனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், பெட்டிக்குள்.

*

இந்த இடத்தில் உங்களில் சிலர் பேனாவை எடுத்திருப்பீர்கள். 'ஐயா, அது 17-ம் நூற்றாண்டு. இன்றைய அளவுகோலை வைத்து அன்றைய மனிதரை அளக்கலாமா? காலம் அப்படி.'

இந்த 'காலம் அப்படி' என்பதைப் போல சௌகரியமான போர்வை வேறு கிடையாது. யாரை வேண்டுமானாலும் போர்த்திவிடலாம். ஆனால், ரால்ஃபை அந்தப் போர்வைக்குள் வைக்க முடியாது. காரணம், அவர் சொந்த மாமா. அதே டாக்டர் டென்டன்தான்.

டாக்டருக்கு நான்சி என்று ஒரு பெண். அவளுக்கு லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு எல்லாம் சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டார். நான்சிக்கு ஞானத்தந்தை நம்ம ரால்ஃப். அவர் பதறிப்போய் எழுதினார். பெண்ணுக்கு லத்தீன் வேண்டாம், சுருக்கெழுத்தும் வேண்டாம். சுருக்கெழுத்து கற்றால் சர்ச்சில் பிரசங்கத்தைக் குறிப்பெடுப்பாள், அப்புறம் கர்வம் வந்துவிடும். பிரெஞ்சு படிக்கட்டும், நான் புத்தகம் அனுப்புகிறேன் என்றார். தன் மகள் பெக் விஷயத்திலும் இதேதான். பெண்ணாய்ப் பிறந்ததால் லத்தீன் தேவையில்லை, அந்த நேரத்தில் நடை உடை பாவனையும் தையலும் கற்றுக்கொள்வாள் என்று எழுதியவர். அவள் எதற்குமே நேரம் இல்லாமல் எட்டு வயதில் போய்விட்டாள்.

யார் இதைச் சொல்வது? பார்லிமென்ட்டில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தவர்! ஆண் குறிப்பெடுத்தால் சரித்திரம், பெண் குறிப்பெடுத்தால் கர்வமா?

நான்சி பயப்படவில்லை. ஹீப்ரு, கிரேக்கம், லத்தீனில் உங்களையே மிஞ்சிக் காட்டுகிறேன் என்கிற மாதிரி ஞானத்தந்தைக்குப் பதில் எழுதினாள். ஆக, அதே காலத்தில், அதே குடும்பத்தில், அதே மேஜையில் வேறு மாதிரி நினைத்த அப்பாவும் இருந்தார், எதிர்த்து எழுதிய பெண்ணும் இருந்தாள். காலத்தின் மேல் பழி போடாதீர்கள். காலத்துக்கு வாய் இல்லை என்பதற்காக எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டக் கூடாது.

இதில் எனக்கு இன்னொரு ஆதங்கம். மேரி லண்டனில் செய்தது என்ன? சட்டம் தெரிந்து, ஆட்களை எடைபோட்டு, சமயம் பார்த்துப் பேசி, கமிட்டியில் ஓட்டு சேகரித்து ஒரு வழக்கை ஜெயித்தார். இதற்குப் பெயர் அரசியல். புருஷனுக்கு மூன்று வருஷம் பார்லிமென்ட்டில் கிடைக்காத வெற்றி இது. ஆனால், 'அரசியல்வாதி' என்ற பட்டம் அவருக்கு. இவருக்கு 'அருமை மனைவி'.

*

தங்கைகளையும் சொல்ல வேண்டும். ரால்ஃபுக்கு ஆறு தங்கைகள். அப்பா அவர்களுடைய சீர்ப்பணத்தை துணி வரி வசூல் உரிமை ஒன்றில் போட்டு வைத்திருந்தார். யுத்தம் வந்ததும் அந்த வருமானம் நின்றுவிட்டது. அப்பா இல்லை, அம்மா 1641-லேயே போய்விட்டார், அண்ணன் பிரான்ஸில். ஆறு பெண்கள், கையில் காசில்லை.

சூசன் என்ற தங்கை கடனாளியான ஒருவரைக் கட்டினார். அவர் கடனுக்காகச் சிறையில் இருந்தவர். சிறைக் குடித்தனம். 1651-ல் பிரசவத்தில் செத்தார். கேரி என்ற தங்கையின் புருஷன் 1645-ல் யுத்தத்தில் செத்தார். அவர் அப்போது கர்ப்பம். பிறந்தது பெண் குழந்தை என்றதும் மாமியார் வீட்டில் மரியாதை போய்விட்டது. பிறந்த வீட்டுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. பெனலபி என்ற தங்கை அடிக்கிற புருஷனிடம் மாட்டிக்கொண்டார். இவர்கள் யாரும் எந்த உடன்படிக்கையையும் மறுக்கவில்லை. எந்தக் கொடியையும் தூக்கவில்லை. ஆனாலும், பில் இவர்கள் பெயருக்கும் வந்தது.

தம்பிகளில் எட்மண்ட் 1649-ல் அயர்லாந்தில், ட்ராகெடா கோட்டை விழுந்த பிறகு கொல்லப்பட்டார். இன்னொரு தம்பி டாம், எந்தக் கொள்கையும் இல்லாமல், வாழ்நாள் முழுக்க அண்ணனிடம் காசு கேட்டுக் கடிதம் எழுதியே காலத்தை ஓட்டினார். 90 வயது தாண்டி வாழ்ந்தார். அது வேறு விஷயம்.

*

நியாயமாக ரால்ஃப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மேரி போன பிறகு அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 36 வயதில் மனைவியை இழந்தவர், அதற்குப் பிறகு 46 வருஷம் தனியாகவே இருந்தார். அன்றைய நிலச்சுவான்தார்களில் இது அபூர்வம். பணக்கார விதவைகளுக்கா பஞ்சம்? கிளேடன் சர்ச்சில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார். அப்பா, அம்மா, தான், மேரி என்று நான்கு பேருக்கும் சிலை. கிராம்வெல் ஆட்சியில் 1655-ல் அவரையே கைது செய்து வைத்தார்கள். அங்கேயும் தலை வணங்காமல்தான் இருந்தார். 1661-ல் பாரோனெட் பட்டம் கிடைத்தது. 1680-களில் மறுபடி பார்லிமென்ட் உறுப்பினர் ஆனார். 1696-ல், 80 வயது தாண்டி, மீட்கப்பட்ட தன் வீட்டில் செத்தார்.

வளைந்த காலோடு கிளேடனில் விடப்பட்ட ஜாக் என்ன ஆனார் தெரியுமா? லண்டனில் வியாபாரம் பழகி, சிரியாவில் அலெப்போ நகரத்தில் 12 வருஷம் வியாபாரியாக இருந்து, பணத்தோடு திரும்பினார். அண்ணன் எட்மண்ட் முன்பே இறந்துபோனதால் கிளேடன் ஜாக்குக்கு வந்தது. 1703-ல் விஸ்கவுன்ட் ஆனார். அந்த வம்சத்தின் பட்டம், மாளிகை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெண் லண்டன் வராந்தாவில் நின்ற கால்கடுப்பு இருக்கிறது.

ரால்ஃபுக்கு நான் மனதாரக் கொடுக்கும் மதிப்பெண் ஒன்று உண்டு. அவர் எந்தக் காகிதத்தையும் கிழித்துப் போடவில்லை. தன்னைப் பாராட்டிய கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மனைவி வருந்தி எழுதியதை நெருப்பில் போட்டிருக்கலாம். போடவில்லை. நான்சியின் குறும்பு, டாமின் பிச்சை, தங்கைகளின் புலம்பல் எல்லாவற்றையும் கட்டிக் கட்டி வைத்தார். மகன் ஜாக்கும் அதையே செய்தார். கிளேடன் மாளிகையில் அந்தக் கடிதங்கள் 30,000-க்கு மேல் சேர்ந்தன. மேரியைப் பற்றி நான் இன்று வக்காலத்து வாங்க முடிகிறது என்றால், அது அவர் புருஷன் சேர்த்துவைத்த சாட்சியத்தால்தான்.

அந்தக் காகிதக் குவியலைப் படித்து, வரிசைப்படுத்திப் புத்தகமாக்கியது யார்? அந்த வீட்டுக்கு 1858-ல் வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண். பெயர் பார்த்தினோப். அவர் எழுதிவைத்ததுதான் வெர்னி குடும்ப வரலாற்றின் முதல் இரண்டு பாகங்கள். 1892-ல் வந்தன. 1890-லேயே அவர் இறந்துவிட்டதால் அச்சில் பார்க்கவில்லை. மீதி இரண்டு பாகங்களை முடித்தவரும் அந்த வீட்டு மருமகள்தான், மார்கரெட். 1899-ல் வேலை முடிந்தது. ஆக, ஆண்கள் வாழ்ந்த சரித்திரத்தைத் தூசி தட்டி எழுதியதும் பெண்கள்தான்.

பார்த்தினோப் என்றால் உங்களுக்குத் தெரியாது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் அக்கா என்றால், 'ஓ, அப்படியா!' என்பீர்கள். பாருங்கள், அவருக்கும் அதே கதிதான். நான்கு பாகச் சரித்திரத்துக்கு வித்திட்டவர், இன்னாரின் அக்கா, இன்னாரின் மனைவி.

கிளேடன் மாளிகை 1956-லிருந்து நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. லண்டனில் இருக்கும் உங்கள் பிள்ளையோ பெண்ணோ உங்களை அழைத்துப்போனால், அங்கே எட்மண்டின் கை கதையை யாராவது சொல்வார்கள். கேளுங்கள், நல்ல கதைதான். கேட்டு முடித்ததும், 'மேரி எங்கே?' என்று ஒரு கேள்வி போடுங்கள். பக்கத்திலேயே சர்ச் இருக்கிறது. சிலையாக இருப்பார்.

கொள்கைக்காக நிற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நில்லுங்கள். மனசு ஒப்பாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆனால், அதற்கான செலவு உங்கள் பாக்கெட்டிலிருந்து மட்டும் போகப்போவதில்லை. வீட்டில் இருப்பவரிடம் முதலில் கேளுங்கள். கேட்டபின் அவரும் கூட நின்றால், மேடையில் மாலை விழும்போது பாதியைக் கழற்றி அவர் கழுத்தில் போடுங்கள். மேரிக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.